திரையைத் தாங்கும் கை – ஒரு சிறு வரலாறு



கடந்த பள்ளி விடுமுறையில் எங்கள் வீட்டில் ஒரு சிறு வேலை நடந்தது. 32 அங்குலக் கணினித் திரை ஒன்றை, அதன் பாதத்தைக் கழற்றிவிட்டு, மேசை விளிம்பில் பிணைக்கப்படும் உலோகக் கை ஒன்றில் மாட்டினோம். அரை மணி நேரத்தில் முடியும் என்று கையேட்டில் எழுதியிருந்தது. எங்களுக்கு இரண்டு நாள் ஆயிற்று. இடையில் ஒரு மேசையும் பழுதாயிற்று!

ஒருவழியாக வேலை முடிந்ததும், ஏறத்தாழ 7 கிலோ எடையுள்ள அந்தத் திரையை ஒற்றை விரலால் மேலே தள்ளினேன், நின்றது. கீழே இழுத்தேன், அங்கும் நின்றது. நான்காம் ஆண்டு படிக்கும் என் மகள் வியப்போடு பார்த்துவிட்டு, "அம்மா, இது ஏன் கீழ விழ மாட்டேங்குது?" என்று கேட்டாள். "உள்ளே ஸ்பிரிங் இருக்கு" என்றேன். "இழுத்தா திரும்ப மேல போகணும்தானே? இது ஏன் போகல?" என்று அடுத்த கேள்வி வந்தது. என்னிடம் விடை இல்லை.

அவளுக்கு விடை சொல்வதற்காகத் தேடிப் படித்தவையே இக்கட்டுரை. ஒரு விளக்கு, ஒரு மருத்துவரின் கேள்வி, நான்கு துளைகள் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் அந்தக் கை உருவானது என்று அறிந்தேன். இருபது ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு மாணவனுக்கு நான் இழைத்த சிறு அநீதியும் இதைப் படித்தபோது நினைவுக்கு வந்தது. அதை இறுதியில் சொல்கிறேன்.

ஏற்றமும் துலாக்கோலும்

எடையை எடையால் சமன் செய்வது மிகப் பழைய அறிவு. கிணற்றிலிருந்து நீர் இறைக்க நம் முன்னோர் பயன்படுத்திய ஏற்றத்தை எண்ணிப் பாருங்கள். நீண்ட மரத்தின் ஒரு முனையில் சால்; மறுபுறம் அம்மரத்தின்மீதே முன்னும் பின்னும் நடக்கும் ஆள். அவருடைய உடல் எடையே சாலைத் தூக்கும். பண்டைய எகிப்தியர் இதே வேலைக்கு மரத்தின் மறுமுனையில் களிமண் உருண்டையையோ கல்லையோ கட்டினார்கள். நடுவு நிலைமைக்கு வள்ளுவர் துலாக்கோலை உவமை காட்டியதை நாம் வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லிக்கொடுக்கிறோம். எல்லாவற்றிற்கும் தத்துவம் ஒன்றே.

ஆனால் இம்முறையில் ஒரு குறை உண்டு. 7 கிலோவைச் சமன் செய்ய மறுபுறம் இன்னொரு சுமை வேண்டும். அச்சுமைக்கும் இடம் வேண்டும். ஏற்றத்தை வயலில் நிறுத்தலாம். எழுதும் மேசையில் நிறுத்த இயலுமா? எடைக்குப் பதிலாகச் சுருள்வில்லைப் பயன்படுத்தலாமே என்று தோன்றும். அங்கேதான் என் மகள் கேட்ட கேள்வி குறுக்கே நிற்கிறது. சுருள்வில்லை எவ்வளவு நீட்டுகிறோமோ அவ்வளவு வலுவாக அது திரும்ப இழுக்கும். எடையோ எப்போதும் ஒரே அளவாகக் கீழே இழுக்கும். இரண்டையும் எல்லா நிலைகளிலும் பொருந்தச் செய்வது எப்படி?

1932: இரண்டு நாடுகள், ஒரே கணக்கு

இங்கிலாந்தின் பாத் நகரைச் சேர்ந்த ஜார்ஜ் கார்வர்டைன் ஒரு மகிழுந்துப் பொறியாளர். மேடுபள்ளங்களில் வண்டி குலுங்காமல் செல்ல உதவும் சுருள்வில் அமைப்புகளே அவரது துறை. 1932-ஆம் ஆண்டு, சுருள்வில்லால் எடையைச் சமன் செய்யும் கை ஒன்றிற்கு அவர் காப்புரிமை பெற்றார். எந்தப் பக்கம் திருப்பினாலும் திரும்பி, விட்ட இடத்தில் நிற்கும் கை அது. மனிதக் கையைப் போலவே தோள், முழங்கை, மணிக்கட்டு என்று மூட்டுகள் அமைந்தன. அதன் முனையில் என்ன வைக்கலாம் என்று எண்ணியபோது, வேலை செய்பவருக்கு வேண்டிய இடத்தில் மட்டும் ஒளி பாய்ச்சும் விளக்குப் பிறந்தது. ரெட்டிச் நகரில் சுருள்வில் செய்துவந்த ஹெர்பர்ட் டெர்ரி நிறுவனம் அதைத் தயாரித்து விற்றது. அதுவே 'ஆங்கிள்பாய்ஸ்' விளக்கு. முதலில் நான்கு சுருள்வில்களோடு தொழிற்கூடங்களுக்காகச் செய்யப்பட்டது. 1935-இல் மூன்று சுருள்வில்களோடு வீட்டு மேசைக்கும் வந்தது.

அதே 1932-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் லூசியன் லகோஸ்ட் என்ற மாணவர் இதையொத்த சிக்கலுக்கு விடை கண்டார். நிலநடுக்கத்தில் தரை மேலும் கீழும் அசைவதை அளக்கும் கருவியொன்றை வடிவமைக்குமாறு அவருடைய ஆசிரியர் ஆர்னால்ட் ரோம்பர்க் அவருக்குப் பணித்திருந்தார். ஆம், ஆசிரியர் கொடுத்த ஒரு பயிற்சி! அதிலிருந்து 'சுழி நீளச் சுருள்வில்' என்ற கருத்து தோன்றியது. பிற்காலத்தில் ஆசிரியரும் மாணவரும் இணைந்து புவியீர்ப்பை நுட்பமாக அளக்கும் கருவிகளைச் செய்தார்கள். மாணவரின் விடையைத் திருத்தி மதிப்பெண் இட்டதோடு நின்றுவிடாமல், அந்த ஆசிரியர் அவரோடு சேர்ந்து உழைத்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

இனி, அந்தக் கணக்கை எளிமையாகச் சொல்கிறேன். நீர் நிறைந்த வாளியைக் கையை நேராக நீட்டிப் பிடித்துப் பாருங்கள், தோள் கடுக்கும். அதே கையை மேலே உயர்த்தினாலும் கீழே தொங்கவிட்டாலும் தோளின் பாடு குறையும். வாளியின் எடை மாறவில்லை. தோளிலிருந்து வாளி பக்கவாட்டில் எவ்வளவு விலகி நிற்கிறது என்பதே மாறுகிறது. ஆகவே கையின் கோணத்திற்கு ஏற்ப, மூட்டைத் திருப்பும் விசை கூடிக் குறைகிறது.

இப்போது சுருள்வில்லின் ஒரு முனையை மூட்டுக்கு நேர் மேலேயும் மறுமுனையைக் கையின் மீதும் பிணைத்துவிடுங்கள். கை கீழே இறங்க இறங்கச் சுருள்வில் நீளும். அதன் இழுப்பு கூடும். ஆனால் அது இழுக்கும் சாய்வும் மாறிக்கொண்டே வரும். சுருள்வில்லின் முழு நீளமும் இழுபட்ட நீளமாகவே கணக்கில் வருமாறு, சுருள்கள் ஒன்றையொன்று இறுக்கி நிற்கும்படி முறுக்கிச் செய்துவிட்டால், கூடும் இழுப்பும் மாறும் சாய்வும் சேர்ந்து, எடை மூட்டைத் திருப்பும் அதே அளவுக்கு எதிர்ப்பக்கம் திருப்பும். எந்தக் கோணத்திலும் இரண்டும் சமம். மேலே போகவும் காரணமில்லை. கீழே விழவும் காரணமில்லை. என் மகளின் இரண்டாவது கேள்விக்கு விடை இதுதான்.

1937-இல் நார்வே நாட்டின் யாக் யாக்கப்சன் இந்த வடிவமைப்பைத் தழுவி 'லக்சோ' விளக்கைச் செய்தார். பெற்றோர்கள் பலரும் அதை அறிவார்கள், பெயர் தெரியாமலேயே! 1986-இல் பிக்சார் நிறுவனத்தின் ஜான் லாசட்டர் தம் மேசையிலிருந்த அத்தகைய விளக்கை மாதிரியாகக் கொண்டுதான், ஒரு பெரிய விளக்கும் குட்டி விளக்கும் பந்தோடு விளையாடும் குறும்படத்தை உருவாக்கினார். பிக்சார் படங்களின் தொடக்கத்தில் துள்ளி வரும் விளக்கு அந்தக் குட்டிதான்.

திரைக்கு ஏன் அந்தக் கை கிட்டவில்லை?

விளக்கிற்கு 1930-களிலேயே கிடைத்த வசதி, கணினித் திரைக்குப் பரவலாகக் கிடைக்க மேலும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. முதற்காரணம் எடை. பழைய திரைகள் கண்ணாடிப் படக்குழாயால் ஆனவை. 17 அங்குலத் திரையே 15 கிலோவுக்கு மேல் இருக்கும். 21 அங்குலத் திரை 30 கிலோவைத் தொடும். எடையின் பெரும்பகுதி முன்புறக் கண்ணாடியில் இருக்க, பின்புறமோ ஒரு முழம் நீண்டிருக்கும். அக்காலத்திலும் திரைகளுக்குக் கைகள் விற்கப்பட்டன. ஆனால் அவை தடித்த தட்டும் தடித்த கம்பியுமாக இருந்தன. அவற்றைத் தாங்க மேசையும் அதற்கேற்ற வலுவோடு இருக்க வேண்டியிருந்தது.

1981-ஆம் ஆண்டு ஐபிஎம் நிறுவனத்தின் தனியாள் கணினி வெளிவந்தபோது, படுக்கை வாட்டில் இருந்த கணினிப் பெட்டியின் மேலேயே திரையை ஏற்றி வைப்பது வழக்கமாயிற்று. திரையின் உயரத்தை மனிதனின் கண் தீர்மானிக்கவில்லை. பெட்டியின் உயரமே தீர்மானித்தது. உயரம் போதாவிட்டால் அடியில் எதையாவது வைப்போம். நம் பள்ளி அலுவலகங்களில் பழைய தொலைபேசிப் புத்தகங்கள் எத்தனை ஆண்டுகள் திரைகளைச் சுமந்தன என்பது பலருக்கும் நினைவிருக்கும். உயரம் மிகுந்துவிட்டால் செய்வதற்கு ஒன்றும் இல்லை. கழுத்துதான் வளைய வேண்டும்.

மனிதத் தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. முதுகெலும்பின் மேல் நேராக நிற்கும்போது கழுத்துத் தசைகளுக்கு அதிக வேலையில்லை. தலை முன்னோக்கிச் சாய்ந்தால், நீட்டிய கையிலுள்ள வாளியின் கதைதான். கழுத்தும் ஒரு கை, தலை அதன் முனையிலுள்ள எடை, தசைகளே சுருள்வில். உலோகச் சுருள்வில் களைப்பில்லாமல் பல்லாண்டு நிற்கும். நம் தசை மாலைக்குள் வலிக்கத் தொடங்கிவிடும்.

2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்த பின்னர், சமையலறை மேசையில் மடிக்கணினியை வைத்துக் குனிந்தபடியே பாடம் நடத்திய ஆசிரியர்களுள் நானும் ஒருத்தி. அந்த வலி இன்னும் முழுமையாக நீங்கவில்லை. பெரிய திரையும் கையும் வாங்க நேர்ந்தது அதனால்தான்.

குற்றம் உடலிலா, மேசையிலா?

இரண்டாவது காரணம் எடையைவிட முக்கியமானது என்று கருதுகிறேன். வேலை செய்பவருக்கு வலித்தால் அது அவருடைய உடம்பின் குறை என்றே உலகம் நெடுங்காலம் நினைத்தது. கருவிதான் மனிதனுக்கு ஏற்ப மாற வேண்டும் என்ற எண்ணம் மெல்லத்தான் வேரூன்றியது.

இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாசினி 1700-ஆம் ஆண்டு, தொழிலாளர்களுக்கு வரும் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். சுரங்கத் தொழிலாளர், குயவர், துணி வெளுப்போர் எனப் பலரையும் ஆராய்ந்த அவர், எழுத்தர்களையும் விட்டுவிடவில்லை. ஓயாமல் அமர்ந்திருப்பது, கையை ஒரே விதமாக இடைவிடாமல் அசைப்பது, மனத்தை ஒருமுகப்படுத்தும் அழுத்தம் ஆகிய மூன்றையும் அவர்களின் துன்பத்திற்குக் காரணங்களாகக் காட்டினார். அன்றைய இறகுப் பேனாவிற்குப் பதிலாகக் கணினிச் சுட்டியை வைத்துப் பாருங்கள். நேற்று எழுதியதுபோல் இருக்கும்! நோயாளியிடம் மருத்துவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு இன்னும் ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றார் அவர். "நீங்கள் என்ன தொழில் செய்கிறீர்கள்?" என்பதே அக்கேள்வி.

1857-இல் போலந்து அறிஞர் வோய்ச்சேக் யாஸ்ட்சம்போவ்ஸ்கி, வேலையைப் பற்றிய அறிவியலுக்கு 'எர்கோனமி' எனப் பெயரிட்டார். வேலை, விதி என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. இரண்டாம் உலகப் போருக்குப்பின், 1949-இல் இங்கிலாந்தில் இத்துறைக்கென ஆய்வுச் சங்கம் தோன்றியது. 1990-ஆம் ஆண்டு மே மாதம் ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பு, கணினித் திரையின் முன் வேலை செய்வோருக்காக ஓர் ஆணையை வெளியிட்டது. வேலை செய்பவரின் தேவைக்கேற்பத் திரை எளிதாகத் திரும்பவும் சாயவும் வேண்டும் என்று அது விதித்தது. மனிதன் திரையை நோக்கி வளைந்த காலம் போய், மனிதனை நோக்கித் திரை வளைய வேண்டும் என்பது சட்டமாயிற்று!

நம் நாட்டின் 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமும் தன் நோக்கங்களுள் ஒன்றாக, பணியாளரின் உடல், உளத் தேவைகளுக்கு ஏற்ற பணிச்சூழலை வளர்ப்பதைக் குறிப்பிடுகிறது. பணியாளரைப் பற்றிய வரி அது. வகுப்பறையில் அமர்ந்திருக்கும் ஏழு வயது மாணவனுக்கு அவ்வரியைப் பொருத்திப் பார்க்க வேண்டியவர்கள் ஆசிரியர்களாகிய நாம்தான் அல்லவா?

நான்கு துளைகள்

மூன்றாவது தடை மிக எளியது. கையைச் செய்பவர் ஒருவர். திரையைச் செய்பவர் வேறொருவர். இரண்டையும் எங்கே இணைப்பது?

1989-இல் என்ஈசி நிறுவனத்தின் முயற்சியால் 'வெசா' என்ற கூட்டமைப்புத் தோன்றியது. கணினியின் படத்தரத்திற்குப் பொது அளவுகோல் வகுப்பதே அதன் முதல் வேலை. தட்டைத் திரைகள் சந்தைக்கு வரத் தொடங்கிய நிலையில், 1997-இல் அக்கூட்டமைப்பு திரையின் முதுகிலுள்ள துளைகளுக்கும் ஒரு பொது அளவு வகுத்தது. சதுர வடிவில் நான்கு துளைகள். துளைக்குத் துளை 75 மில்லிமீட்டர் அல்லது 100 மில்லிமீட்டர். திருகாணியின் தடிப்பு 4 மில்லிமீட்டர். 75 அளவுக்கு 8 கிலோ வரை, 100 அளவுக்கு 14 கிலோ வரை என்று எடை வரம்பும் உண்டு. அதைவிடப் பெரிய திரைகளுக்கு வேறு அளவுகள் வகுக்கப்பட்டன.

இது மிகச் சிறிய செய்திபோல் தோன்றலாம். ஆனால் போட்டியாளர்கள் பலர் ஒன்றுகூடி நான்கு துளைகளின் இடத்தை ஒப்புக்கொண்டதால்தான், இன்று எந்த ஊரில் வாங்கிய திரையையும் எந்த ஊரில் செய்த கையிலும் நாம் மாட்ட முடிகிறது. 2002-ஆம் ஆண்டு சனவரியில் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட ஐமேக் கணினியில், அரைக்கோள வடிவப் பாதத்திலிருந்து எஃகுக் கை ஒன்று எழுந்து 15 அங்குலத் தட்டைத் திரையைத் தாங்கியது. விரலால் தொட்டால் திரை மிதந்தது. அழகான பொருள்தான்! ஆனால் அந்தக் கை அந்தத் திரைக்கு மட்டுமே உரியது. பொதுத் துளைகளே இவ்வசதியை எளிய மனிதரின் மேசைக்குக் கொண்டுவந்தன.

சுருள்வில்லிலும் ஒரு மாற்றம் வந்தது. இன்றைய கைகள் பலவற்றில், கடைக்காரர்கள் 'கேஸ் ஸ்பிரிங்' என்று அழைக்கும் குழாய் இருக்கிறது. மூடிய குழாய்க்குள் நைட்ரஜன் வளி அழுத்தி அடைக்கப்பட்டிருக்கும். அது ஒரு தண்டை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். மகிழுந்தின் பின்கதவைத் தூக்கிப் பிடிக்கிறதே, அதே பொருள்தான். கையின் மேல்தண்டும் கீழ்த்தண்டும் இணைகரமாக அமைந்திருப்பதால், கை உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் திரையின் சாய்வு மாறுவதில்லை. சமநிலையில் எஞ்சும் சிறு பிழையை மூட்டுகளின் உராய்வு ஏற்றுக்கொள்கிறது.

எங்கள் மேசையில் நடந்தவை

வரலாறு தெரியாமல் வேலையில் இறங்கியதால் மூன்று பிழைகள் செய்தோம். உங்களுக்குப் பயன்படலாம் என்று எழுதுகிறேன்.

முதல் பிழை, திரையின் எடையைப் பாராமல் அங்குலத்தை மட்டும் பார்த்தது. முதலில் வாங்கிய கை '32 அங்குலம் வரை' என்றது. எடை 6 கிலோ வரைதான் தாங்கும் என்று பெட்டியின் ஓரத்தில் சிறிய எழுத்தில் இருந்தது. அதை மாற்றி, 2 முதல் 9 கிலோ வரை தாங்கும் கையை வாங்கினோம். கீழ் வரம்பையும் கவனியுங்கள். திரை மிக இலேசாக இருந்தால் கை அதைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விடும்.

இரண்டாவது பிழை மேசை. மரத்தூளை அழுத்திச் செய்த மெல்லிய பலகை அது. நெம்புகோல் பாடம் நடத்தும் நான் அந்தப் பாடத்தை என் வீட்டில் மறந்துவிட்டேன்! 7 கிலோ திரை, கம்பத்திலிருந்து 50 சென்டிமீட்டர் தள்ளி நின்றால், திருப்பும் விசை 7 பெருக்கல் 50, அதாவது 350. கம்பத்தின் அடித்தட்டு 10 சென்டிமீட்டர் நீளம்தான் என்றால், 350-ஐ 10-ஆல் வகுக்க வேண்டும். ஏறத்தாழ 35 கிலோ எடை அந்தச் சிறு தட்டின் விளிம்பில் இறங்குகிறது. மறுநாள் காலையில் திரை தலைகுனிந்து நின்றது. பலகை விளிம்பில் விரல் நீளத்திற்கு வெடிப்பு. நல்லவேளையாகத் திரை விழவில்லை. பின்னர் என் மாமனார் விட்டுச் சென்ற பழைய மெராந்தி மர மேசைக்குக் கையை மாற்றினோம். கெட்டி மரம் இல்லாதவர்கள் பலகையின் மேலும் கீழும் அகன்ற இரும்புத் தகடு வைத்து இறுக்குவது நல்லது. கண்ணாடி மேசையில் இதைச் செய்யவே வேண்டா.

மூன்றாவது பிழை ஆபத்தானது. திரையை மாட்டுவதற்கு முன் கையைக் கட்டியிருந்த நாரை அவிழ்த்துவிட்டோம். சுமை இல்லாத கை சடாரென்று மேலெழுந்து, என் கணவரின் தாடையை ஓர் அங்குல இடைவெளியில் கடந்தது. 7 கிலோவைத் தூக்குவதற்கென்றே செய்த வில், சுமையில்லாவிட்டால் வேறென்ன செய்யும்? குழந்தைகளை அருகில் விடாதீர்கள். திரையைக் கழற்றும்போதும் முதலில் கையை அதன் உச்சிக்கு உயர்த்திவிட்டு, பிறகே கழற்ற வேண்டும்.

மற்றவை எளியவை. திரையைப் போர்வையின்மேல் குப்புற வைத்துத் துளைகளின் இடைவெளியை அளக்க வேண்டும். நான்கு திருகாணிகளையும் முதலில் பாதி முடுக்கி, பிறகு குறுக்குமறுக்காக இறுக்க வேண்டும். நீளம் மிகுந்த திருகாணியை வலிந்து முடுக்கினால் உள்ளிருக்கும் பாகங்கள் பழுதாகும். திரையை மாட்ட இருவர் வேண்டும். பின்னர் கையைக் கிடைமட்டமாக நிறுத்தி, அறுகோணச் சாவியால் விசையைச் சரிசெய்ய வேண்டும். திரை இறங்கினால் கூட்டல் குறிப் பக்கமும், ஏறினால் கழித்தல் குறிப் பக்கமும் திருப்ப வேண்டும். பத்து இருபது சுற்றுகள்கூட ஆகலாம், பொறுமை தேவை. வடங்கள் கையோடு நீண்டு மடங்கப் போதிய தளர்வும் வேண்டும்.

திரையின் மேல் விளிம்பு கண்மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழோ இருக்கட்டும். கை நீட்டினால் விரல் நுனி திரையைத் தொடும் அளவு தொலைவு இருக்கட்டும். என்னைப்போல் நாற்பதைக் கடந்து, தூரத்திற்கும் கிட்டத்திற்கும் ஒரே மூக்குக் கண்ணாடி அணிபவர்கள் திரையை இன்னும் தாழ்த்தி, சற்று மல்லாத்தி வைத்தால் தலையை அண்ணாக்க வேண்டியதில்லை.

அந்த மாணவன்

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை முடித்து நான் பணியில் சேர்ந்த புதிதில், 2004-ஆம் ஆண்டு நடந்தது இது. பள்ளியின் கணினி அறையில் படக்குழாய்த் திரைகள் பெட்டிகளின்மேல் வரிசையாக இருந்தன. முதலாம் ஆண்டு மாணவன் ஒருவன் நாற்காலியில் அமராமல் அதன்மேல் முழந்தாளிட்டுக்கொண்டே இருந்தான். "ஒழுங்காக உட்கார்" என்று மூன்று முறை சொன்னேன். "உட்கார்ந்தா தெரியல டீச்சர்" என்றான். அதைச் சாக்குப்போக்கு என்று எண்ணி, பாடம் முடியும்வரை அறையின் பின்னால் நிற்கவைத்தேன்.

இப்போது கணக்கிட்டுப் பார்க்கிறேன். மேசை 75 சென்டிமீட்டர். அதன்மேல் கணினிப் பெட்டி 15. அதன்மேல் திரை 40. திரையின் மேல் விளிம்பு தரையிலிருந்து 130 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்திருக்கும். நாற்காலியில் அமர்ந்த ஏழு வயதுச் சிறுவனின் கண் 100 சென்டிமீட்டரை எட்டினாலே பெரிது. அவன் பொய் சொல்லவில்லை. தன் கழுத்தைக் காப்பாற்றிக்கொள்ள அவனால் இயன்ற ஒரே வழியைத்தான் செய்தான். நானோ கழுத்தைப் பாராமல் ஒழுங்கைப் பார்த்தேன். நோயாளியிடம் ரமாசினி கேட்கச் சொன்னதுபோல், நானும் அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். அல்லது அவன் தானாகவே சொன்ன விடையையாவது நம்பியிருக்கலாம்.

அவனுக்கு இப்போது இருபத்தெட்டு வயதாகியிருக்கும். எங்கிருந்தாலும் நலமாக இருக்கட்டும்.

எல்லாப் பள்ளிகளிலும் எல்லா வீடுகளிலும் இத்தகைய கையை வாங்கிப் பொருத்த இயலாது என்பதை அறிவேன். ஆனால் பெட்டியை மேசைக்கு அடியில் இறக்கிவிட்டுத் திரையைத் தாழ்த்தலாம். நாற்காலியில் ஒரு தலையணை, காலுக்கு ஒரு சிறு பலகை வைக்கலாம். மடிக்கணினியின் அடியில் நான்கு புத்தகங்களை அடுக்கித் தனி விசைப்பலகை இணைக்கலாம். செலவு மிகக் குறைவு. ஒரு பிள்ளை நெளிந்தாலோ, முழந்தாளிட்டாலோ, தலையைச் சாய்த்தாலோ அதட்டுவதற்கு முன் அதன் பின்னால் குனிந்து, அதன் கண் இருக்கும் உயரத்திலிருந்து நாமும் ஒருமுறை திரையைப் பார்ப்போம்.

எங்கள் வீட்டில் இப்போது மாலை ஆறு மணிக்கு மகள் வந்து திரையைத் தன் உயரத்திற்கு இறக்கிக்கொள்கிறாள். எட்டு மணிக்கு நான் உயர்த்திக்கொள்கிறேன். ஒரே மேசை, ஒரே திரை, இருவருக்கும் நேரான முதுகு.